பாயைக் குறைத்தது யார்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் படகுச் சங்கத்துச் செயலாளர், படகுப் பாய் தைக்கும் கூடத்துக்குள் செருப்புக் காலோடு நுழைந்தார். 'செருப்பை வெளியே விடவும்' என்று கதவில் கை அகல எழுத்தில் ஒட்டியிருந்தது. அந்த அறிவிப்பில் கையெழுத்துப் போட்டதே அவர்தான். ஊருக்குத்தானே உபதேசம்.

தையலக்காவுக்கு முதலில் தெரிந்தது அந்தச் செருப்புதான். அவள் உட்காரும் இடம் அப்படி. அந்தக் கூடத்தில் தையல் மிஷின் மேஜைமேல் கிடையாது. பலகைத் தரையை வெட்டி இடுப்பளவுக்குப் பள்ளம் எடுத்து அதற்குள் இறக்கியிருந்தார்கள். மிஷின் தட்டும் தரையும் ஒரே மட்டம். எவ்வளவு பெரிய பாயாக இருந்தாலும் தூக்கிச் சுமக்க வேண்டாம், தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு ஊசிக்கு வந்துவிடும். பதினாறு வருஷமாக அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து சங்கத்துப் படகுகளுக்கெல்லாம் பாய் தைத்துக்கொண்டிருந்தாள். சங்கத்துக்காரர்களின் முகத்தைவிடக் காலைப் பார்த்து அடையாளம் சொல்வது அவளுக்கு எளிது.

"செருப்பு" என்றாள்.

"ரெண்டு நிமிஷம்தாம்மா. ஒரு சின்ன வேலை." செயலாளர் தோள்பையிலிருந்து ஒரு சிவப்புத் துணியை உருவித் தரையில் விரித்தார். "இது நைஞ்சு போச்சு. இதே அளவுல புதுசா ஒண்ணு தைச்சுக் குடுத்துரு. ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு வேணும். காத்து பலமா இருக்கும்னு சொல்றாங்க. கண்டிப்பா தேவைப்படும்."

அது ஒரு பாவாடை. இடுப்பு நாடாவோடு, கீழே கொசுவம் வைத்த, பெண்கள் கட்டுகிற பாவாடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு புத்திசாலி ஆரம்பித்துவைத்த விளையாட்டு இது. பந்தயத்தில் காற்றுக்குப் பயந்து எந்தப் படகு முதலில் பாயைக் குறைக்கிறதோ, அந்தப் படகின் பாய்மரத்தில் இந்தப் பாவாடையை ஏற்றி ஒரு வாரம் பறக்க விடுவார்கள். கரையில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துச் சிரிக்கலாம். முதல் வருஷம் நாலு பேர் மாட்டினார்கள். இரண்டாம் வருஷம் ஒருவர். இந்த வருஷம் இதுவரை ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது என்று செயலாளர் ஆண்டுக் கூட்டத்தில் பெருமையாகப் பேசினார்.

என்ன தைரியம் வந்தது என்பது தையலக்காவுக்குத் தெரியும். திங்கட்கிழமை தோறும் அது அவள் கூடத்து வாசலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஓரம் கிழிந்த பாய், நடுவில் பிளந்த பாய், வளையம் பிய்ந்த பாய். கொண்டுவந்து போட்டுவிட்டு, "நூல் சரியில்லையேக்கா" என்று வேறு சொல்லுவார்கள். போன மாதப் பந்தயத்தில் மருந்துக்கடைக்காரருக்குத் தோளில் காறை எலும்பு முறிந்தது. அதற்கு நூலைக் குறை சொல்ல முடியாததால் விதியைக் குறை சொன்னார்கள்.

ஒவ்வொரு பெரிய பாயிலும் கீழிருந்து ஒரு ஆள் உயரத்துக்குள் வரிசையாகப் பித்தளை வளையங்கள் வைத்துத்தான் தைத்துக் கொடுக்கிறாள். காற்று அதிகமானால் பாயை அதுவரை இறக்கி, மடித்து, கட்டிவிடலாம். பாய் சின்னதாகிவிடும், படகு நிமிர்ந்துவிடும். அதற்காகவே வைத்த வளையங்கள். ஒரு பாய்க்கு அந்த வேலை மட்டும் ஒன்றரை நாள். இந்த வருஷம் ஒரு பயல்கூட அதைத் தொடவில்லை.

"சார், என்னைப் பார்த்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"என்னம்மா?"

"பயந்தவனுக்குப் பாவாடை. அதை நான் தைக்கணும். பாவாடை கட்டுறவகிட்டயே வந்து கேக்குறீங்களே, கொஞ்சமாவது கூச்சம் வேணாமா?"

"அட, இது விளையாட்டும்மா. நீ ஏன் அதை உனக்குன்னு எடுத்துக்கிறே? எல்லாரும் சிரிக்கத்தானே."

"எல்லாரும்னா யாரு? மருந்துக்கடைக்காரர் சிரிச்சாரா?"

செயலாளர் செருப்புக் காலை மாற்றி மாற்றி ஊன்றினார். பள்ளத்துக்குள் இருக்கிறவளோடு குனிந்து சண்டை போடுவது சிரமம். "முடியுமா முடியாதா, அதைச் சொல்லு."

"முடியாது. பழசே இருக்கட்டும். இன்னும் அஞ்சாறு பேர் மானத்தை மறைக்கிற அளவுக்குத் துணி மிச்சம் இருக்கு."

அவர் துணியைச் சுருட்டிக்கொண்டு போனார். தரையில் பதிந்த செருப்புத் தடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அவள் மறுபடி மிஷினை ஓட்டினாள். தையல் கோணிக்கொண்டு போக, பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் தம்பியைப் பார்க்கப் போனாள். தம்பி பல் டாக்டர். கடைவீதியில் மாடியில் கிளினிக். பல் பிடுங்கிப் பிடுங்கி முரம் மாதிரி ஆன கை அவனுக்கு. அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு படகு வாங்கினார்கள். பதிவுச் சீட்டில் இரண்டு பேர் பெயரும் சரிபாதியாக இருக்கிறது. ஆனால் சீட்டில் இருக்கிற பாதி தண்ணீரில் கிடையாது. தண்ணீரில் தம்பிதான் கேப்டன். சுக்கானைத் திருப்பும் நீளக் கட்டை, அந்தப் பிடி, அவன் கையில். பெரிய பாயின் கயிறு அவள் கையில். பந்தயம் முடிந்து கரைக்குத் திரும்பும்போது ரொட்டி தின்ன அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தால், அந்தப் பத்து நிமிஷம் மட்டும் பிடி அவளிடம் வரும். அவளுக்கு வாழ்க்கையில் பேராசை ஒன்றும் பெரிதாக இல்லை. அந்தப் பிடி வேண்டும், அவ்வளவுதான். பாய் எப்போது பெரிசாக இருக்க வேண்டும், எப்போது சின்னதாக வேண்டும் என்று அவள் ஒருமுறை சொல்லி, அது நடக்க வேண்டும்.

கடைசி நோயாளி வாயில் பஞ்சோடு இறங்கிப் போனதும் தம்பி கையுறையைக் கழற்றினான்.

"நாளைக்குக் காத்து ஏறும்டா. கரையிலயே பாயைக் குறைச்சுக் கட்டிட்டுப் போயிடலாம்."

"முதல் ஆளாவா? எனக்குப் பாவாடை மாட்டி ஒரு வாரம் பறக்க விடணுமா? என் கிளினிக் ஜன்னல்லேர்ந்து பார்த்தா படகுத்துறை தெரியுதுக்கா. வர்றவன் எல்லாம் வாயைத் திறந்துகிட்டே அதைப் பார்த்துச் சிரிப்பான்."

"போன பந்தயத்துல உன் தோள்பட்டை என்ன ஆச்சு? நாலு நாள் ஊசி பிடிக்க முடியலேன்னு உன் பொண்டாட்டி போன்ல அழுதா."

"அதுக்குத்தான் வழி பண்ணிட்டேன்." அவன் முகம் மலர்ந்தது. "தச்சரை வச்சுப் பிடியில ஒரு முழம் கட்டை ஒட்டு போட்டு நீட்டியாச்சு. பிடி நீளமா இருந்தா பலம் கம்மியாப் போதும். இப்ப ஒத்தைக் கையால இழுத்துருவேன் பாரு."

தையலக்கா நோயாளி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டா, படகு மூக்கைத் திருப்புதுன்னா பாய் அதுக்குப் பெரிசுன்னு அர்த்தம். பாயைக் குறைக்கிறதை விட்டுட்டு, அதோட மல்லுக்கட்டப் பிடியை நீட்டியிருக்கே. பல்லு வலிக்குதுன்னு ஒருத்தன் வந்தா, பல்லைப் பார்ப்பியா, இல்ல அவன் கத்தாம இருக்க வாயைப் பொத்துறதுக்கு ஆள் போடுவியா?"

"அது வேற இது வேற."

"அப்ப சுக்கானை எங்கிட்ட குடு. நாளைக்கு ஒரு நாள். பாவாடை வந்தா எனக்கு வரட்டும். நான் தினம் கட்டுறதுதானே, புதுசா என்ன வெக்கம்?"

தம்பி சிரித்தான். கேலியாகக்கூட இல்லை. குழந்தை நிலா கேட்டால் சிரிப்போமே, அந்த மாதிரி. "கேப்டன் நான்க்கா. நீ கயித்தைப் பாத்துக்க. உன்னை மாதிரி கயிறு பிடிக்கிற ஆள் சங்கத்துலயே கிடையாது."

புகழ்ந்தே ஓரம்கட்டுவது ஒரு கலை. அதில் அவனுக்குப் பட்டமே கொடுக்கலாம். தையலக்கா வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கிளினிக் கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு போவான். அந்த மனுஷனுக்குக் கயிறு எது பாம்பு எது என்று தெரியாது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, "எட்டு மணிக்கு வர்றேன்" என்று எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுத்துறையில் கொடிக்கயிறுகள் எல்லாம் கம்பத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. தடுப்புச் சுவருக்கு வெளியே அலை நுனியெல்லாம் வெள்ளை. ஒன்பது படகுகள். ஒன்பதிலும் முழுப் பாய். ஒவ்வொருவரும் அடுத்தவர் படகைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவனாவது ஒருத்தன் முதலில் குறைத்துவிட்டால் போதும், பாவாடை அவனுக்குப் போய்விடும், மற்ற எட்டுப் பேரும் நிம்மதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அந்த ஒருத்தன் யார் என்பதுதான் கேள்வி. பந்தி நடுவில் முதலில் எழுந்திருப்பவன் பெருந்தீனிக்காரன் இல்லை என்று ஆகிவிடுமே, அதனால் வயிறு வெடித்தாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருக்கிற கூட்டம். ஒன்பது படகில் இத்தனை படித்தவர்கள், ஒருத்தனுக்கும் வானத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

துப்பாக்கி வெடித்தது. பந்தயம் எளிது: காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து போய் மஞ்சள் மிதவையைச் சுற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டும். இரண்டு சுற்று.

தடுப்புச் சுவரைத் தாண்டியதும் முதல் வீச்சு வந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த படகு சும்மா போகாது. காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு போகப் பார்க்கும். தம்பி பிடியை நெஞ்சோடு சேர்த்து இழுத்தான். நீட்டிய கட்டை உதவத்தான் செய்தது. படகு நேராகப் போனது, ஆனால் வேகமாகப் போகவில்லை. இழுக்க இழுக்கச் சுக்கான் தண்ணீருக்குக் குறுக்கே திரும்பி நின்று படகைப் பின்னால் பிடித்து இழுக்கும் என்பது பிடி எவ்வளவு நீளமானாலும் மாறாது. பின்பக்கம் தண்ணீர் சுழித்துக்கொண்டு கொதித்தது.

தையலக்கா தன்னால் ஆனதைச் செய்தாள். பாயின் தொப்பை பெரிதாக இருந்தால் காற்று அதில் புகுந்து படகைத் தள்ளும். பாயின் அடியோரத்தைத் தாங்கும் அடிக்கட்டையில் ஓடும் கயிற்றை இழுத்துத் தொப்பையைத் தட்டையாக்கினாள். முன்னோரத்தைக் கீழே இழுத்து இறுக்கினாள். வீச்சு வரும்போது தண்ணீர் கருத்து வருவது முன்னாலேயே தெரியும். அது வந்து தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் பாய்க்கயிற்றை நழுவ விட்டு, போனதும் இழுத்துப் பிடித்தாள். விடுவதும் பிடிப்பதுமாக உள்ளங்கை தீயாக எரிந்தது.

"விடாதேக்கா! வேகம் போகுது!"

"விடலேன்னா படகே போயிடும்!"

"பிடின்னா பிடி! நான் சமாளிச்சுக்கிறேன்!"

சமாளித்த லட்சணம் அவளுக்குத் தெரிந்தது. கால்கள் இரண்டையும் எதிர்ப்பக்கம் ஊன்றி, முதுகை வில்லாக வளைத்து, இரண்டு கையாலும் பிடியைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒற்றைக் கைக் கதை தடுப்புச் சுவரோடு முடிந்துவிட்டது. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது.

"இப்பவாவது குறைக்கலாம்டா!"

"எவனாவது குறைச்சானா பாரு!"

அவள் பார்த்தாள். ஒருத்தனும் குறைக்கவில்லை. முன்னால் போன செயலாளரின் படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு காற்றுக்கு நேராக நின்று, பாய் துடிதுடிக்க, மறுபடி தடுமாறிக் கிளம்பியது. இன்னொரு படகு பாதித் தளம் தண்ணீருக்குள் மூழ்கியபடியே போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் அடுத்தவனைப் பார்த்தபடியே மூழ்கத் தயாராக இருந்தார்கள். இரண்டு கெஜத் துணியில் தைத்த ஒரு சிவப்புப் பாவாடைக்குக் கடலைவிடப் பயப்படுகிறார்களே என்று அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. 'எங்க பாவாடையில அப்படி என்னடா இருக்கு' என்று சத்தமாகவே கேட்டாள். காற்றில் யாருக்கும் கேட்கவில்லை.

மிதவைக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய வீச்சு வந்தது. தம்பி முழு எடையையும் போட்டு இழுத்தான். தச்சர் போட்ட ஒட்டு, படீர் என்று விட்டது. கையில் ஒரு முழக் கட்டையோடு அவன் பின்னால் மல்லாந்தான். படகு சுழன்று காற்றைப் பார்த்து நின்றது. பாயும் கயிறும் சாட்டையாக அடித்தன. அடிக்கட்டை தலைக்கு மேல் இப்படியும் அப்படியும் வீசியது. அவன் தவழ்ந்து வந்து மிச்சமிருந்த பழைய பிடியைப் பற்றிக்கொண்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, குறைச்சுரு! குறைச்சுருக்கா! என் கையில நிக்காது! குறைச்சுரு!"

அது உத்தரவா, கெஞ்சலா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. "முன்னால இருக்கிற சின்னப் பாய்ல மட்டும் காத்து இருக்கட்டும், படகை அசையாம பிடி" என்று சொல்லிவிட்டுப் பெரிய பாயின் கயிற்றை முழுக்க விட்டாள். பாய்மரத்தடிக்குத் தவழ்ந்து போனாள். பாயை ஏற்றும் கயிற்றை அடையாள நூல் வரும்வரை இறக்கினாள். முன்னோரத்து வளையத்தைக் கொக்கியில் மாட்டி, கயிற்றை மறுபடி இறுக்கினாள். பின்னோரத்து வளையத்தை அதற்கென்று இருக்கும் கயிறு கொண்டு அடிக்கட்டையோடு சேர்த்து இழுத்துக் கட்டினாள். தொங்கிய துணியைச் சுருட்டி நாலு முடிச்சு. எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம் இருக்கும். அவள் கையால் தைத்த வளையம் ஒவ்வொன்றும் பிசகாமல் நின்றது.

திரும்ப வந்து கயிற்றை இழுத்ததும் படகு நிமிர்ந்தது. அடங்காத மாடு திடீரென்று சொன்ன பேச்சுக் கேட்பது போல ஒரு குலுங்கலில் நேராகி, ஓட ஆரம்பித்தது. பின்னால் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது வழவழவென்று கோடு போட்டது. தம்பி பிடியைப் பார்த்தான். ஒரு கையை எடுத்தான். பிறகு இரண்டு விரலால் மட்டும் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, வெண்ணெய் மாதிரி போகுதுக்கா!"

"போகாம?"

"நீ சொன்னது சரிதான். நான்தான் மடையன்."

அதைத் தண்ணீரில் சொன்னான். சாட்சிக்குக் கடல் பறவைகள் இருந்தன. இருந்தாலும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

மற்ற படகுகள் சாய்ந்தும் திரும்பியும் நின்றும் தவித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் ஒவ்வொன்றாகத் தாண்டினார்கள். இரண்டாம் சுற்றில் செயலாளரின் பாய் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. கிழிந்த சத்தம் இங்கே வரை கேட்டது. கடைசியில் இவர்கள்தான் முதல். இரண்டாவதாக வந்த படகு எட்டு நிமிஷம் பிந்தி வந்தது. மூன்று படகுகள் பந்தயத்தை முடிக்கவே இல்லை.

சங்கத்துக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். ஈர உடை, உப்புப் பூத்த முகம். ஒருவர் நெற்றியில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். ஒருவர் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டியிருந்தார். கிழிந்த பாய்கள் மூலையில் பிணம் போலக் குவிந்து கிடந்தன. அத்தனை பேருக்கும் நடுவில் செயலாளர் மேஜைமேல் வெற்றிக் கோப்பையை வைத்து, அதன் பக்கத்திலேயே அந்தச் சிவப்புப் பாவாடையையும் மடித்து வைத்தார்.

"முதல் பரிசும் பாவாடையும் ஒரே படகுக்குக் கிடைக்கிறது இதுதான் சரித்திரத்துல முதல் தடவை!" என்றார். நெற்றியில் ரத்தம் வழிந்தவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். முழுசாகத் திரும்பி வந்த ஒரே படகைப் பார்த்து, உடைந்து திரும்பியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "ஆனா டாக்டர், நீங்களா இப்படி? நம்பவே முடியலையே!" என்றார் செயலாளர்.

தம்பி காது மடல் சிவக்க எழுந்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"நான் வேணாம்னுதான் சொன்னேன். அக்காதான் பயந்துட்டா. பொம்பளைதானே, என்ன பண்றது? பாவமேன்னு விட்டுட்டேன்."

மறுபடி சிரிப்பு. "அதானே பார்த்தோம்!" என்றது ஒரு குரல்.

தையலக்காவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கொதித்தது. கயிறு அறுத்த உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. 'குறைச்சுருக்கா' என்று தொண்டை கிழியக் கத்தியவன் இவன்தானே. கூடப் பிறந்தவன்தானே. உண்மையைப் போட்டு உடைக்க வாய் வரை வார்த்தை வந்துவிட்டது. உடைத்தால் என்ன ஆகும்? அவள் ஒன்று சொல்வாள், அவன் ஒன்று சொல்வான். கூட்டம் யார் பக்கம் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

செயலாளர் பந்தயத் தாளைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார்.

"சார், எழுதுறதுக்கு முன்னால ஒரு சந்தேகம்" என்று அவள் எழுந்தாள். "பாயைக் குறைக்க உத்தரவு குடுக்கிற அதிகாரம் யாருக்கு?"

"இதென்ன கேள்வி? கேப்டனுக்கு. அது சங்கத்து விதி. படகுல வேற யாரும் உத்தரவு குடுக்க முடியாது."

"அப்ப என் தம்பி சொல்றபடி பார்த்தா உத்தரவு குடுத்தது நான்தான். நான்தான் கேப்டன். தாள்ல என் பேரை எழுதுங்க."

செயலாளர் பேனாவை நிறுத்தினார். "அது எப்படிம்மா? கேப்டன் டாக்டர்னுதானே எப்பவும்..."

"அவன்தான் கேப்டன்னா, குறைக்கச் சொன்னதும் அவன்தான். பாவாடை அவன் பேர்ல ஏறட்டும். ரெண்டுல எதுன்னு நீங்களே எழுதுங்க. கோப்பைக்கு அவன் கேப்டன், பாவாடைக்கு நான் கேப்டனா? ஒரே படகுல ரெண்டு பேர் சுக்கான் பிடிச்சா வந்தோம்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மூலையிலிருந்த மருந்துக்கடைக்காரர் மட்டும் கட்டுப் போட்ட தோளோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கேக்குறது நியாயம்தானே" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்ல வரல" என்றாள் தையலக்கா. "படகுல இருந்தது நாங்க ரெண்டே பேர். அவனே சொல்லட்டும். அவன் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். டேய், சொல்லு. பாயைக் குறைக்கச் சொன்னது யாரு?"

கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். உண்மையில் அந்த நிமிஷம் அவளுக்குச் சுக்கான்கூட வேண்டியிருக்கவில்லை. 'நான்தான் சொன்னேன்' என்று அவன் சொல்லிவிட்டால் போதும், பாவாடையைத் தானே வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடத் தயாராக இருந்தாள். கோப்பையும் அவனுக்கே, பிடியும் அவனுக்கே. சொல்லடா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

தம்பி கோப்பையைப் பார்த்தான். அதன் பக்கத்தில் மடித்து வைத்திருந்த சிவப்புத் துணியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். ஜன்னல் வழியே தெரிந்த பாய்மரங்களைப் பார்த்தான். அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

"அக்காதான்" என்றான்.

முதலில் சொன்னபோது அதற்கு விலை இல்லை. இப்போது விலை தெரிந்தே சொன்னான். பதினோரு வருஷம் வாய்விட்டுக் கேட்டும் கொடுக்காத பிடியை, இரண்டு கெஜத் துணிக்குப் பயந்து ஒரே வார்த்தையில் தாரை வார்த்துவிட்டான். இதற்குப் பெயர் ஆண்பிள்ளைத்தனம் என்று அந்தக் கூடம் நம்பிக்கொண்டிருந்தது.

"எழுதுங்க சார்" என்றாள் தையலக்கா. "கேப்டன், நான். உத்தரவு, நான். முதல் இடம், நான். பாவாடையும் எனக்குத்தான், குடுங்க. அப்புறம் ஒண்ணு. மூலையில கிடக்குற பாயெல்லாம் நாளைக்கு என் கூடத்துக்கு வரும். வரட்டும், தைக்கிறேன், அது என் தொழில். ஆனா நூல் சரியில்லைன்னு ஒருத்தர் வாயைத் திறந்தாலும், அந்தப் பாய் கிழிஞ்சபடியே வெளியே போகும். செருப்பையும் வெளியே விட்டுட்டு வாங்க."

செயலாளர் எழுதினார். அவருடைய பாயும் அந்தக் குவியலில்தான் கிடந்தது.

அவள் கோப்பையை எடுத்துக்கொள்ளவில்லை. பாவாடையை மட்டும் வாங்கிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். படகில் இறங்கி, தான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தாள். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு, நகம் வலித்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியும் வந்தான். துறைப் பலகை ஓரத்தில் நின்றுகொண்டு, உடைந்த ஒரு முழக் கட்டையைக் காலால் உருட்டினான்.

"கோவமாக்கா?"

"கோவம்தான்."

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் அங்க என்ன சொன்னா என்ன? நம்ம ரெண்டு பேருக்குள்ள..."

"நமக்குள்ள என்னடா நமக்குள்ள? நடுக்கடல்ல மட்டும் அக்கா, கரைக்கு வந்தா பயந்தாங்கொள்ளிப் பொம்பளையா?" அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முயற்சி செய்யவில்லை. "நீ குறைக்கச் சொன்னதுல எனக்குக் கோவமே இல்ல. பதினோரு வருஷத்துல இந்தப் படகுல நீ செஞ்ச ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். ஊரைக் கூட்டிப் பெருமைப்பட்டிருக்கணும் நான். அதைப் போய் உன்னோடது இல்லேன்னு சொல்லிட்டியேடா."

தம்பி படகில் இறங்கினான். வழக்கமாகப் பின்னால் போய் உட்காரும் கால் பாதியில் நின்றது. அங்கே, பிடிக்குப் பக்கத்தில், அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் நடுவில் உட்கார்ந்து, நனைந்த பாய்க்கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தான்.